நடுப்பகல் உணவும் நகரத்து உறவும்



ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு முதலில் வேண்டுவது தலை சாய்க்க ஓர் அறை. அடுத்து வேண்டுவது நடுப்பகலில் பசியாற ஓர் இடம். அறையை நண்பர்கள் தேடித் தந்துவிடுவார்கள். காலை உணவை அவசரத்தில் எப்படியோ முடித்துக்கொள்ளலாம். இரவில் அறையிலேயே சோறு பொங்கிக்கொள்ளலாம். நடுப்பகல் உணவு ஒன்றுதான் முழுக்க முழுக்க நகரத்தின் கையில் இருக்கிறது. பெருநகரங்களில் நல்ல சிறு உணவுக் கடைகளைக் கண்டறிவது எப்படி என்பதைப் பற்றி, தில்லியில் நான் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் நம்மவர் அனைவரும் செய்யும் பிழையையே நானும் செய்தேன். பெயர்ப்பலகையில் தென்னிந்திய உணவு என்று எழுதியிருக்கும் கடையாகத் தேடி அலைந்தேன். அலுவலகத்தில் உணவுக்கென்று அளிக்கும் அரைமணி நேரத்தில் பாதி நடையிலேயே கழியும். அரக்கப் பரக்கப் போய் அமர்ந்தால், சாம்பார் சர்க்கரைப் பாகுபோல் இனிக்கும். ரசம் என்ற பெயரில் தக்காளிச் சாறு வரும். விலையோ என் அன்றைய சம்பளத்துக்கு மிஞ்சியது. பசியும் ஆறாமல், மனமும் நிறையாமல், இந்த ஊரையே வெறுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்புவேன்.

இதைக் கவனித்து வந்த முதியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் பணி அவருடையது. ஒருநாள் அவர், “பாபுஜி, நாக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வயிற்றை மட்டும் இங்கே கொண்டுவந்தால் எப்படி? என்னோடு வாருங்கள்” என்று இந்தியில் சொல்லி என்னை அழைத்துச் சென்றார். அலுவலகத்தின் பின்புறச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் நிழலில் ஒரு தாபா, நான்கு பெஞ்சுகள், அடுப்பின்மேல் மூன்று பெரிய பாத்திரங்கள். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. அன்றைக்கு அங்கே ராஜ்மாவும் சோறும் கிடைத்தன. ராஜ்மா என்பது சிவந்த பெரிய பயறு. இரவு முழுதும் ஊறவைத்து, குழைய வேகவைத்து, வெங்காயமும் இஞ்சியும் தக்காளியும் சேர்த்துச் சமைத்திருந்தார்கள். சோற்றில் பிசைந்து முதற்கவளம் உண்டபோது, இத்தனை நாளும் எதைத் தேடி எங்கே அலைந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

தில்லியின் இத்தகைய கடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடு வாசலை இழந்து வந்த மக்கள் பல்லாயிரவர் இந்நகரில் குடியேறினர். தந்தூர் அடுப்பின் ரொட்டியும் கறுப்பு உளுந்துப் பருப்பும் இந்நகரில் பெரிதும் பரவியது அவர்களால்தான். நாம் இட்லிக்கு அரைக்கும் அதே உளுந்தை அவர்கள் தோலோடு முழுதாகப் போட்டு, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள், பிழைப்புக்காகத் தங்கள் வீட்டுச் சமையலைத் தெருவில் வைத்து விற்றார்கள். ஆதலால், அந்த பெஞ்சில் அமர்ந்து உண்ணும் நாம் மட்டுமே அயலூரார் என்று எண்ண வேண்டியதில்லை.

நல்ல கடையை அறிய நான் கற்றுக்கொண்ட அடையாளங்கள் சில உண்டு. முதலாவது, உண்பவர்களைப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடைச் சிப்பந்திகள், ஓட்டுநர்கள், எழுத்தர்கள் ஆகியோர் நாள்தோறும் வருகிற கடையை நம்பலாம். ஒருமுறை வந்து போகும் பயணியை ஏமாற்றலாம். நாளையும் வரப்போகிறவரை ஏமாற்ற முடியாது. இரண்டாவது, உணவு வகைகள் குறைவாக இருக்க வேண்டும். ஐம்பது பண்டங்களை எழுதி வைத்திருக்கும் சிறு கடையில் ஐம்பதும் அன்றன்று சமைத்தவையாக இருத்தல் அரிது. எங்கள் தாபாவில் புதன்கிழமைதோறும் ‘கடி’ கிடைக்கும். பெயரைக் கேட்டு நான் முதலில் சிரித்துவிட்டேன். புளித்த தயிரில் கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சி, பக்கோடா இட்ட குழம்பு அது. நம் மோர்க்குழம்புக்கு வடநாட்டு உறவு. மூன்றாவது அடையாளம் நேரம். இரண்டரை மணிக்குப் பாத்திரம் காலியாகிவிடும் கடை நல்ல கடை. நான்கு மணிக்கும் அதே பாத்திரம் நிறைந்திருந்தால் விலகிச் செல்வது நலம்.

நான்காவது, தட்டு கழுவும் இடத்தையும் குடிநீரையும் நோக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை அளிக்கும் 14 இலக்க எண் கடையில் காணப்படுகிறதா என்றும் பார்க்கலாம். மழைக்காலத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தையும் வெள்ளரியையும் தவிர்த்துவிட்டு, ஆவி பறக்கும் உணவை மட்டும் உண்பது வயிற்றுக்குப் பாதுகாப்பு.

இவற்றினும் பயனுள்ளது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, கேள்வியின் சொற்களை நான் சற்றுக் கூர்ந்து கவனிப்பது வழக்கம். “இங்கே நல்ல ஓட்டல் எது?” என்று கேட்டால், கேட்கப்பட்டவர் உங்கள் உடையைப் பார்த்து, பெரிய கடை ஒன்றைக் காட்டிவிடுவார். “இன்று நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். தாம் உண்ணும் இடத்துக்கே உங்களை அனுப்பி வைப்பார்.

நகரத்துக்கு நகரம் கடையின் உருவம் மாறும். தில்லியிலேயே அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவனில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தால், பருப்புப் பொடியும் நெய்யுமாகச் சோறு வேண்டிய மட்டும் இடுவார்கள். காப்பி வாரியம் தன் கடைகளை மூடிய 1950களில், வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவாக எடுத்து நடத்திய இந்தியக் காப்பிக் கடைகளைப் பல நகரங்களில் காணலாம். கொல்கத்தாவில் இருப்போர் ‘பைஸ் ஹோட்டல்’ எனப்படும் பழைய சோற்றுக் கடைகளை நாடலாம்; வாழையிலையில் பரிமாறி, வாங்கிய ஒவ்வொன்றுக்கும், சில இடங்களில் இலைக்குமே, தனித்தனியே கணக்கிடுவார்கள். மகாராஷ்டிரத்தில் ‘கானாவள்’ என்ற எளிய சாப்பாட்டுக் கடைகள் உள்ளன. உருவம் எதுவாயினும், மேற்சொன்ன அடையாளங்கள் பொருந்தும்.

இவ்வளவு தேடுவது வெறும் நாவின் பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஐப்பசி மாதத்தில் எனக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. தனி அறை, கவனிப்பார் இல்லை. நான்காம் நாள் மாலையில் அந்த முதியவர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். நம் வெண்பொங்கலுக்குத் தம்பி என்று சொல்லத்தக்க, பயற்றம்பருப்பு இட்ட கிச்சடி அதில் இருந்தது. “மத்ராசி பாபு மூன்று நாளாக ஏன் வரவில்லை என்று தாபாக்காரர் கேட்டார். காய்ச்சல் என்றேன், இதைக் கொடுத்து அனுப்பினார்” என்றார். பிறகு நான் பணம் கொடுக்கப் போனபோது, கணக்கில் அது எழுதப்படவே இல்லை. அத்தனை பெரிய நகரத்தில் என் வரவு ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நான் வராததும் தெரிந்திருந்தது. அன்று முதல் தில்லியை நான் அயலூர் என்று சொல்வதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கில் மூடப்பட்ட அந்தக் கடை மீண்டும் திறக்கவில்லை. அவர் எங்கே சென்றார் என்று விசாரித்தும் அறிய முடியவில்லை. வேப்பமரம் மட்டும் இருக்கிறது. நானும் பழைய கேள்வியைக் கேட்டுக்கொண்டு வேறொரு கடையைத் தேடிக்கொண்டேன்.

நம் ஊர் உணவை மறந்துவிடுமாறு நான் கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வத்தக்குழம்பு கொதிக்கட்டும். மற்ற நாட்களின் நடுப்பகலில் இருக்கிற ஊரின் சோற்றை உண்போம். நம் அலுவலகத்துக்கோ தொழிற்சாலைக்கோ ஊரிலிருந்து புதிதாக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தால், அவருக்கு வழி மட்டும் சொல்லி அனுப்பாமல், முதல் நாள் நாமே உடன் அழைத்துச் சென்று பக்கத்தில் அமர்ந்து உண்போம். எனக்கு ஒருவர் அவ்வாறு செய்தார்.