சமயம் பற்றிய அறிவும் நம் வகுப்பறைகளும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வகுப்பறையில் சமயத்தைப் பற்றிப் பேசலாமா? ஆசிரியர்களாக இருக்கிற நம்மில் பலர், "எதுக்குங்க வம்பு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். அரசு முழுச் செலவில் நடத்தும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. சரிதான். ஆனால் போதனை வேறு. சமயங்களைப் பற்றிய அறிவு வேறு. இதை 1964-66 கோத்தாரி கல்விக் குழு எடுத்துச் சொன்னது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

முன்பெல்லாம் சமய ஆய்வு என்றால் சாத்திர நூல்களை ஒட்டியே இருக்கும். இப்போது சாதாரண மக்களுக்கு என்ன தெரியும் என்றும் கேட்கிறார்கள். பக்தி மிகுந்த அமெரிக்கர்களுக்கே சமயங்களின் அடிப்படை விவரம் தெரியவில்லை என்று 2007-இல் ஸ்டீபன் புரோதெரோ நூல் எழுதினார்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தத் தகடூரில் 9-ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், வணிகர் இருவர் சமணப் பள்ளி கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. தர்மபுரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? "சமணர்னா யாரு சார்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். கேட்டானே, அதுவே எனக்கு மகிழ்ச்சி! அந்தக் கேள்வியை நாம் அடக்கிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அவனுக்கு வதந்திதான் பாடம் நடத்தும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று அழைத்துப் போங்கள். கும்பிடச் சொல்ல வேண்டாம். விசாரித்து எழுதி வரச் சொல்லுங்கள். அது போதும்.