துயர் வீட்டுக்குச் சென்ற இனிப்பு

சாவு நிகழ்ந்த வீட்டிலே அடுப்பு மூட்டுவதில்லை. அயலவரும் உறவினருமே சோறு கறி சமைத்தும், தேநீர் கோப்பி தயாரித்தும் கொண்டுசென்று கொடுப்பர். யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கம் இது. துயருற்றோர் பசித்திருக்கலாகாது என்பதே இதன் உட்கிடை. எட்டுச்செலவு வரையில் வீடு நிறைய ஆட்கள் இருப்பர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். இரவல் வாங்கிய கதிரைகள் உரியவரிடம் திரும்பிச் செல்லும். வந்தோரும் தத்தம் வீடு திரும்புவர். உண்மையான தனிமை அன்றுதான் தொடங்குகின்றது.

கணவரை இழந்த ஆசிரியை ஒருவரின் பிறந்த நாள், அந்தியேட்டி கழிந்த மூன்றாம் மாதத்தில் வந்தது. அவரோடு ஒரே பாடசாலையிற் பல ஆண்டுகள் கற்பித்த தோழி அந்நாளை மறந்திலர். ஆண்டுதோறும் அந்நாளில் கணவர் பட்டணத்திலிருந்து சொக்கலேற் கேக் ஒன்றை வாங்கிச் சைக்கிளில் தொங்கவிட்டு வருவார் என்பதும், "இந்த வயதில் இது எதற்கு?" என்று மனைவி கடிந்துகொண்டே அதனை அயலவர்க்குப் பகிர்ந்தளிப்பார் என்பதும் தோழி நன்கறிந்தவை. இவ்வாண்டு அதனைக் கொண்டுவருவார் யார்?

தாமே செய்துகொண்டு போகலாம் என்று தோழி எண்ணினார். அயற்பெண்கள் சிலர் அதற்கு உடன்படவில்லை. "ஆட்டைத் திவசம் முடியவில்லை, அந்த வீட்டிலே கேக் வெட்டுவதா? ஊர் என்ன சொல்லும்?" என்றனர். அவர்கள் கூற்றை முற்றாகத் தள்ளிவிடுதற்கில்லை. கொண்டாட்டம் போலத் தோன்றினால், ஊர்வாய் திறக்குமுன்னரே ஆசிரியையின் மனம் புண்பட்டுவிடும். மற்றொரு தடையும் இருந்தது. ஓராண்டு முடியும்வரை மச்சம் விலக்கியிருந்தார் அவர்; முட்டையையும் தொடுவதில்லை. கடைகளில் விற்கும் கேக்கோ பெரும்பாலும் முட்டை சேர்ந்தது.

முட்டை, பால், வெண்ணெய் ஆகிய மூன்றும் இன்றியே சொக்கலேற் கேக் செய்யும் முறை ஒன்று உண்டு. தட்டுப்பாடான காலங்களில் அமெரிக்க இல்லங்களிற் கைக்கொள்ளப்பட்ட முறை அது. தோழி அதனையே தெரிந்தெடுத்தார். ஒன்றரைக் கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை அரித்துக் கலந்தார். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி வனிலா, ஒரு கோப்பை தண்ணீர் ஆகியவற்றை அதனோடு சேர்த்தார். வினாகிரியின் புளிப்பும் சோடாவின் காரமும் கூடும்போது காபனீரொட்சைட்டு வாயு பிறக்கின்றது. முட்டையில்லாக் கேக்கைப் பொங்கச் செய்வது அதுவே. ஆகையால் அதிகம் கிளறாமலும் தாமதியாமலும், 180 பாகை செல்சியசு அளவிற் சூடேறியிருந்த போறணைக்குள் தட்டை வைத்தார்.

சாதாரண கேக் பொன்னிறமாவதைப் பார்த்துப் பதம் அறியலாம். சொக்கலேற் கேக்கோ பச்சையாயிருக்கும்போதும் கறுப்பு, வெந்தபோதும் கறுப்பு. நிறத்தைப் பார்த்து உள்நிலையை அறியமுடியாது. அரைமணி நேரம் சென்றபின் தோழி ஈர்க்கு ஒன்றை நடுவிற் குத்திப் பார்த்தார். ஈரமான மா ஒட்டாமல் அது வெளிவந்தது. துயருற்றோரின் நிலையும் இத்தகையதே. அமைதியான முகத்தைக் கண்டு, மனம் தேறிவிட்டதென முடிவுசெய்தல் தவறு. அருகே சென்று பார்த்தாலன்றி அது விளங்காது.

மெழுகுதிரி வைக்கவில்லை, வாழ்த்தும் எழுதவில்லை. நன்றாக ஆறவிட்டுத் துண்டுகளாக வெட்டி, செத்தவீட்டுக்குச் சோறு கொண்டுசென்ற அதே அடுக்குச் சட்டியில் அவற்றை வைத்துக்கொண்டு மாலையிற் சென்றார் தோழி. வாழ்த்துச் சொல் எதுவும் கூறவில்லை. "அக்கா, தேத்தண்ணீர் வையுங்கோ, இரண்டுபேரும் குடிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அடுக்குச் சட்டியைத் திறந்த ஆசிரியை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இன்றைக்கு என்ன நாளென்று நினைப்பதற்கு அவரோடு எல்லாரும் போய்விட்டார்கள் என்றிருந்தேன்" என்றார். முதற்றுண்டை எடுத்துக் கணவரின் படத்தின் முன் படைத்தார். மச்சம் கலவாத பண்டமாதலின் அதற்குத் தடையிருக்கவில்லை. அதன் பின்னரே கண்ணீர் பெருகிற்று. கண்ணீரோடு பேச்சும் வந்தது. மூன்று மாதமாக அவ்வீட்டிற் பேசப்படாதிருந்த சைக்கிளின் கதையும், கடிந்துகொண்ட கதையும், இடையிடையே சிறு சிரிப்பும் வந்தன. தேநீர் இருமுறை வைக்கப்பட்டது.

ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று துயர்வீட்டு வாயிலை மிதிக்கத் தயங்குவோர் பலர். சொல் வேண்டியதில்லை. பந்தல் பிரித்த பின்னர் வரும் நாள்களில் எந்த நாள் அவர்க்குக் கனக்கும் என்பதை நினைவில் வைத்து, அன்றைக்கு அவர் உண்ணத்தக்க ஒன்றைக் கையில் எடுத்துச் சென்றாற் போதுமானது. வழக்கத்தை மீறாமலும் அன்பைக் குறைக்காமலும் அதனைச் செய்ய வழியுண்டு. நேயர்களுடைய அயலிலும் அத்தகைய வீடு ஒன்று இருத்தல் கூடும்.