ஒப்பாரியும் ஆங்கில வகுப்பும்

நமது பாடசாலைகளில் ஆங்கிலம் இரண்டாம் மொழி, எல்லோரும் படிக்கிறார்கள். ஆங்கில இலக்கியமோ க.பொ.த. சாதாரண தரத்தில் விருப்பப் பாடம். அதைத் தெரிந்தெடுக்கும் பிள்ளைகளிலும் பலர் கதையை விட்டுவிட்டு, கதை பற்றிய குறிப்பையே மனனஞ் செய்கிறார்கள். வேட்ஸ்வேர்த் 1807இல் வெளியிட்ட கவிதையின் டபொடில் பூவை முல்லைத்தீவுப் பிள்ளை எங்கே கண்டது? அதற்காக அக்கவிதையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து அழகு சுப்பிரமணியம் ஆங்கிலத்திலேயே எழுதிய கதையொன்றில், செத்தவீட்டில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்கள் வருகிறார்கள். அதை முதலில் வாசிக்கக் கொடுங்கள். ஒப்பாரியை அறிந்த பிள்ளையிடம், அதை ஆங்கிலத்தில் அவர் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். மொழிப்பாடமும் அதற்குள்ளேயே நடந்துவிடும். பதில் பிழையான ஆங்கிலத்தில் வரலாம், வரட்டும். சிவப்பு மைப் பேனாவைச் சற்று மூடி வையுங்கள். வேட்ஸ்வேர்த் அடுத்த தவணைக்கு வரலாம்.