சுடச் சொன்னவரும் சுட்டவரும்



கேரளத்தின் முன்னாள் ஐ.ஜி. லட்சுமணாவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் அவருக்குக் கீழே துப்பாக்கி ஏந்தி நின்ற ஒரு போலீஸ்காரரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1970 பிப்ரவரி 18. வயநாட்டில் திருநெல்லிக் காடு. கொத்தடிமைகளாகக் கிடந்த ஆதிவாசிகளைத் திரட்டிய நக்சலைட் தலைவர் வர்கீஸ் அங்கே சுட்டுக் கொல்லப்படுகிறார். மோதலில் செத்தார் என்றது போலீஸ். நாடும் நம்பியது. அன்று டி.எஸ்.பி.யாக இருந்த லட்சுமணா படிப்படியாக உயர்ந்து ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றார். இடையில் நெருக்கடிநிலைக் காலத்தில் கக்கயம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, திரும்பியே வராத பொறியியல் மாணவர் ராஜனின் வழக்கு வந்தது. நம் கோயம்புத்தூரில்தான் அது விசாரிக்கப்பட்டது. அதில் லட்சுமணாவும் குற்றம் சாட்டப்பட்டார், இறுதியில் விடுதலையானார்.

1998-இல் ராமச்சந்திரன் நாயர் என்ற ஓய்வு பெற்ற காவலர் வாய் திறந்தார். வர்கீஸைப் பிடித்து வைத்திருந்தோம், அவரைச் சுட்டது நான்தான், சுடச் சொன்னவர் லட்சுமணா என்றார். மறுத்தால் நீயும் மோதலில் செத்ததாகக் கணக்கு எழுதப்படும் என்று தன்னை மிரட்டியதாகவும் சொன்னார்.

தோழர்களே, இருபத்தெட்டு ஆண்டுகள்! ஒரு மனிதன் அதை எப்படிச் சுமந்திருப்பான்? அவர் சொல்லாமலே இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? சொன்னதற்குக் கிடைத்தது என்ன? சி.பி.ஐ. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாவதாக அவர் பெயரே எழுதப்பட்டது. சுட்டவர் அவர், சட்டம் அப்படித்தான் எழுதும், அதை நான் குறை சொல்லவில்லை. அது தெரிந்தே அவர் பேசினார் என்பதுதான் என் நெஞ்சை உலுக்குகிறது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை, 2006-இல் இறந்துவிட்டார்.

2010 அக்டோபரில் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இன்னொரு உயரதிகாரி போதிய ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டார். கொலை நடந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

எழுபது வயதைத் தாண்டிய கிழவரைச் சிறையில் தள்ளுவது நியாயமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வர்கீஸ் மட்டும் யோக்கியரா, நிலப்பிரபுக்களைக் கொன்ற வழக்கில் தேடப்பட்டவர்தானே என்றும் கேட்டார்கள். தேடப்பட்டவர்தான். பிடித்தாயிற்றே! பிடிபட்ட மனிதரைக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தால், அவர் செய்தவை அத்தனையும் அங்கே விசாரிக்கப்பட்டிருக்குமே! முதுமையைப் பற்றியும் சொல்கிறேன்: வர்கீஸுக்கு முதுமை வரவே விடவில்லை.

நாயரைப் போல் வாய் திறந்தவர் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் லாக்கப்பில் அடிபட்டு இறந்தபோது, நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்றம் தலையிட்டதால் அவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அடுத்த ஊர்க் காவலருக்கு யார் இருக்கிறார்கள்?

காவல்துறைமீது வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்த நாற்காலியில் உள்துறைச் செயலரை உட்கார வைத்தது. காவல்துறையை நடத்தும் துறையிடமே காவல்துறைமீது புகாரா?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். அந்த நாற்காலிக்கு ஓய்வு பெற்ற நீதிபதி வரட்டும். மேலதிகாரியின் சட்டவிரோத உத்தரவைக் குறித்து ஒரு சாதாரணக் காவலர் அங்கே நேரடியாகப் புகார் கொடுக்கவும், கொடுத்த நாள் முதல் பாதுகாப்புப் பெறவும் வழி செய்யப்படட்டும். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்.