உடலைப் பயிற்றுவதும் கல்வியே



"உடற்கல்வி வெறும் விளையாட்டுத்தானே, அந்நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு ஒதுக்கினால் என்ன?" என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு.

ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல் ஆகியவை எழுத்தைப் போலவே படிப்படியாகக் கற்பிக்கப்பட வேண்டியவை. கல்லாத பிள்ளை தோல்விக்கு நாணித் திடலோரம் ஒதுங்கிவிடுகிறது. அந்த ஒதுக்கம் வளர்ந்த பின்னும் தொடரக்கூடும்.

வலிமைப் பயிற்சி என்றதும் பளு தூக்குதல் என்று அஞ்ச வேண்டா. பிள்ளையின் உடல் எடையே போதிய பளுவாகும். நம் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் நடைபெறும் 'செகாக்' உடற்றிறச் சோதனையில், 3 நிமிடம் பலகையில் ஏறி இறங்குதல், 1 நிமிடம் தண்டால் எடுத்தல், படுத்தவாறு மேலுடலை உயர்த்துதல், கால் நீட்டி அமர்ந்து கையால் எட்டுதல் ஆகியவை இடம்பெறுகின்றன. சோதனை நாளில் மட்டும் முயன்றால் வலிமை வாராது. வாரந்தோறும் பயில வேண்டும்.

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளேனும் தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. இது பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அலோர் காஜாவிலோ ஜாசினிலோ, பந்தாட்டக் குழுவுக்குப் பதினொருவர் சேராத சிறு பள்ளியாயினும் கவலை வேண்டா. மாணவர் சிலரே எனில், ஆசிரியர் ஒவ்வொருவரின் அசைவையும் திருத்த இயலும்.

நிறைந்த பால் வாளியை முழங்கால் மடக்கித் தூக்கினால் இடுப்புக்குச் சுமை குறையும் என்பதை நீங்கள் உழைப்பில் அறிந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பள்ளியிலேயே அறியட்டும். உடற்கல்வி நேரத்தை விட்டுக்கொடாதீர்கள் என வேண்டுகிறோம்.