பட்டை இடுக்கில் ஒரு நல்ல வண்டு



திட்டக்குடிப் பக்கம், வெள்ளாற்றங்கரையில் ஒரு கொய்யாத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டக்காரர் மருந்தடிக்கத் தயாராக நின்றார். "பாருங்க ஐயா, சின்ன மாவுப்பூச்சி போதாதுன்னு இப்போ பெரிசா ஒண்ணு வந்திருக்கு. பட்டைக்குள்ளே எல்லாம் பூந்து கிடக்கு" என்று உரிந்த பட்டையைத் தூக்கிக் காட்டினார். பஞ்சு சுற்றியது போல நாலைந்து வெள்ளைப் புழுக்கள்.

"மருந்தைக் கீழே வையுங்க" என்றேன். அவர் எதிரி என்று நினைத்தது, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த புழு!

அது ஒரு பொறிவண்டின் புழு. கிரிப்டோலீமஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் ஆஸ்திரேலியப் பொறிவண்டு என்றே சொல்லுங்கள். வண்டு மிளகு அளவுதான். கறுப்பு உடம்பு, தலையும் பின்முனையும் செம்மஞ்சள். காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-ல் இதைக் கொண்டு வந்தார்கள். வந்த வேலையை அது செய்யவில்லை. ஆனால் நம்ம ஊர் மாவுப்பூச்சி ருசிப்பட்டுப் போய் இங்கேயே தங்கிவிட்டது.

மாவுப்பூச்சியின் முட்டைக் கூட்டத்திலேயே இது முட்டையிடும். பொரித்த புழு, முட்டை, குஞ்சு, தாய் என்று பார்க்காமல் தின்னும். பிறகு பட்டை இடுக்கில் ஒதுங்கிக் கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வண்டு வந்துவிடும்.

இரண்டும் வெள்ளையாச்சே, எப்படிக் கண்டுபிடிப்பது? குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி கிடந்த இடத்திலேயே கிடக்கும், நகர்ந்தாலும் மெல்லத்தான். வண்டின் புழு ஓடும். வளர்ந்த புழு அரை அங்குலம் இருக்கும்; மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கும். மருந்தடித்தால் மெழுகுப் போர்வைக்குள் மாவுப்பூச்சி தப்பிக்கும், வண்டுதான் சாகும்.

எறும்பை மறக்காதீர்கள். மாவுப்பூச்சி கசியவிடும் தேனுக்காக அது காவல் நின்று வண்டை விரட்டும். தரையைத் தொடும் கிளைகளை வெட்டி, எறும்புப் புற்றைக் கிளறி அழியுங்கள்.

வண்டை விலைக்கு வாங்கியும் விடலாம். மரத்துக்கு 10 போதும். பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் வண்டைப் பெருக்குகிறார்கள். ஆமாம், நாம் கூட்டு வைக்கிற அதே பரங்கிதான்! எங்கே கிடைக்கும் என்று விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். மரத்தில் மாவுப்பூச்சி இருக்கும்போது மட்டும் விடுங்கள். தீனி இல்லாவிட்டால் பறந்துவிடும்.

காய்ந்த பட்டையை உரித்துக் கொளுத்துகிறவர்கள், கொளுத்தும் முன் அதன் உள்பக்கத்தை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.