ஓடும் காரும் நிற்கும் படமும்



திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலுள்ள லிங்கநகரில் வசிக்கும் பெரியவர் ஒருவர், சில காலத்துக்கு முன் என்னிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நாற்பது ஆண்டுகளாக அவர் ஓட்டிவந்த மொறிஸ் மைனர் கார் மறுநாள் வேறொருவர் கைக்குப் போகவிருந்தது. "தம்பி, வாசலில் நிறுத்தி எடுத்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு. அது ஓடுகிற படம் ஒன்றுதான் இல்லை" என்றார்.

எளிய வேலை என்று எண்ணிக் கமராவுடன் சென்றேன். காலை பத்து மணி, வானில் மேகமில்லை. ஷட்டரை 1/1000 விநாடிக்கு வைத்துப் படமெடுத்தேன். கதவின் கைப்பிடிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே நிறுத்தி எடுத்தீர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார், 1/1000 விநாடியில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் நகர்கிறது. சக்கரமும் அசையாதது போலவே படத்தில் விழும். அதே கார் 1/30 விநாடியில் 37 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரம் அதற்குள் ஐந்தில் ஒரு சுற்றுச் சுழன்றுவிடும். ஓட்டம் படத்தில் தெரிய வேண்டுமானால், ஷட்டர் அவ்வளவு நேரமாவது திறந்திருக்க வேண்டும்.

ஆகவே 1/30க்கு மாற்றினேன். கிடைத்தது வெறும் வெள்ளைத் தாள் போன்ற ஒரு படம்! நேரத்தை மாற்றிய நான், வெயிலை மறந்துவிட்டேன்.

ஒளிப்படக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் விதி ஒன்றுண்டு. நல்ல வெயிலில் ஒளித்துவாரத்தை எஃப் 16 என்ற அளவில் வைத்தால், ஒளியுணர்வு எண் 100க்கு ஷட்டர் நேரம் ஏறக்குறைய 1/100 விநாடி. எண் 200 ஆனால் 1/200. இக்கணக்கின்படி, எண் 100இல் 1/30 விநாடி வேண்டுமானால் துவாரத்தை எஃப் 32 அளவுக்குச் சுருக்க வேண்டும். பல வில்லைகள் எஃப் 22உடன் நின்றுவிடும். மேலும், துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படத்தின் கூர்மை மழுங்கும்.

முந்தைய தலைமுறைக்கு இத்தொல்லை குறைவு. 1961இல் வெளிவந்த கோடாக்குரோம் 2 படச்சுருளின் ஒளியுணர்வு எண் 25தான். மந்தமான சுருள் என்று சிலர் குறைகூறியிருக்கலாம். ஆனால் நல்ல வெயிலில், எஃப் 16இலேயே அது 1/25 விநாடியைத் தந்துவிடும். இன்றைய கமராக்கள் பலவற்றின் அடிப்படை எண்ணே 100 அல்லது அதற்கும் மேல். எனவே, மிகுந்த ஒளியை நாம்தான் வெளியே தடுத்து நிறுத்த வேண்டும்.

அதற்கு உதவுவது வில்லையின் முன் பூட்டும் வடிகண்ணாடி. ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல்நிறக் கண்ணாடியைப் பூட்டினால், எஃப் 11இலேயே 1/30 விநாடி கிடைக்கும். அன்று என் பையில் அது இல்லை. ஒளியை முனைவாக்கும் வடிகண்ணாடி ஒன்று இருந்தது. அதுவும் ஒளியை மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைக்கும். தக்க கோணத்தில் திருப்பினால், கண்ணாடியிலும் வர்ணப்பூச்சிலும் மின்னும் கூச்சத்தையும் தணிக்கும். எஃப் 16இல் அதைப் பூட்டியதும் வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது.

இனி வேண்டியது கைப்பழக்கம். கமராவை அசைக்காமல் பிடித்தால் காரே கலங்கிவிடும். வீதிக்குச் செங்குத்தாக நின்று, படமெடுக்க எண்ணிய இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பிக் காரைத் தொடர வேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் அத்திருப்பம் தடைபடலாகாது. அப்போது கார் தெளிவாக நிற்கும். பின்னணி கோடுகளாக ஓடும். பின்னணியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் வானத்தில் கோடு விழாது. கிடுகு வேலியும், இலைகளினூடே விழும் வெயிலும் அதற்கு மிகப் பொருத்தம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். படத்துக்காக எவரையும் வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள். 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், 1/15 விநாடியில் அதே 37 சென்ரிமீற்றரைக் கடக்கிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியதை ஷட்டரே செய்துவிடும். நீங்களும் வீதியோரத்திலிருந்து நன்றாக விலகி நில்லுங்கள்.

பெரியவர் பதினேழு தடவை போய்வந்தார். பதினைந்து படங்கள் கலங்கிப்போயின. இவ்வகைப் படத்தில் அது வழக்கமே. எஞ்சிய இரண்டில் ஒன்றில், வேலி முழுதும் கோடுகளாய் ஓட, சக்கரங்கள் சுழல, இரு கைகளாலும் சுக்கானைப் பற்றியபடி அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "இது ஓடுகிறது" என்றார். பிறகு, வீட்டுக்குள் சென்று சாவியை எடுத்துவந்து, வாங்க வந்தவரிடம் கொடுத்தார்.